துவைத்த குயில்ட் ஏன் சுருங்குகிறது? நீலகிரிக் குளிரில் போர்வை தைப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குயில்ட் தைக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் துவையலில்தான் திகைத்துப் போகிறார்கள். தைத்து முடித்த அன்று கட்டிலின் இரு பக்கமும் சரியாகத் தொங்கிய போர்வை, துவைத்துக் காய்ந்த பிறகு அரைச் சாண் குறைந்து நிற்கிறது. வழவழப்பாக இருந்த மேல்துணியில் சின்னச் சின்ன சுருக்கங்கள். சில போர்வைகளில் ஓரம் அலையலையாக எழும்பியிருக்கும், அல்லது நான்கு மூலையும் உள்நோக்கி வளைந்திருக்கும்.

இதற்குத் தையல் தெரியாததுதான் காரணம் என்று யாரும் மனம் விட்டுவிட வேண்டாம். உள்ளே வைத்த பஞ்சு, தண்ணீர் பட்டதும் தன் இயல்புக்குத் திரும்புகிறது. எவ்வளவு திரும்பும் என்பதைத் தைப்பதற்கு முன்பே அளந்துவிடலாம்.

குயில்ட் மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணியாலான முகப்பு, நடுவே பஞ்சு ஷீட், கீழே அடித்துணி. நடு அடுக்கைப் பேட்டிங் என்றும் வேடிங் என்றும் சொல்வார்கள். இங்கே பஞ்சு ஷீட் என்றே சொல்வோம். மூன்றையும் சேர்த்து ஓட்டும் தையல்தான் ஒன்றை விட்டு ஒன்று நகராமல் பிடித்து வைக்கிறது. இந்த மூன்று அடுக்கும் ஒரே அளவு சுருங்கினால் போர்வை கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஒன்று சுருங்கி இன்னொன்று அப்படியே நின்றால் தையலுக்கு இரு பக்கமும் இழுபறி தொடங்கும். துவைத்த குயில்ட்டில் பார்க்கிற கோணல், அலை, வளைவு எல்லாவற்றுக்கும் வேர் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

தண்ணீர் பட்டதும் உள்ளே நடப்பது

பருத்தி இழை இயல்பில் நேரானதல்ல; லேசாக முறுக்கியும் நெளிந்தும் இருக்கும். ஆலையில் அதைச் சீவி, இழுத்து, அழுத்தி ஷீட்டாக்கும்போது இழைகள் நேராக இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடுகின்றன. தண்ணீரில் ஊறினால் இழை பருத்து, பிடி தளர்ந்து, பழைய நெளிவுக்குப் போகிறது. நெளிந்த இழை நீளத்தில் குறைவு. ஷீட் முழுக்க இப்படி நடப்பதால் மொத்தமாகக் குறுகுகிறது. பச்சைத் தண்ணீரிலும் இது நடக்கும். சூடும் அலசலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று இன்னும் நெருங்கும், அதனால் இன்னும் குறுகும்.

நெய்த துணியில் காரணம் கொஞ்சம் வேறு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எப்போதும் இழுத்துக் கட்டியே இருக்கும். அகலவாக்கில் ஓடும் ஊடை நூலுக்கு அவ்வளவு இழுப்பு இல்லை. நனைந்ததும் இழுப்பு போய், பாவு நூல் ஊடை நூலைச் சுற்றி அதிகமாக வளைந்துகொள்கிறது. அதனால்தான் புதுத் துணி பெரும்பாலும் நீளவாக்கில் கூடுதலாகவும் அகலவாக்கில் குறைவாகவும் சுருங்கும். ஒட்டுத்துண்டுகளை நீளம், அகலம் பார்க்காமல் கண்டபடி திருப்பி இணைத்தால், துவைத்த பிறகு ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசைக்கு இழுக்கும்.

பழைய சேலை, வேட்டித் துண்டுகளில் தைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது தடவை துவைத்த சேலை சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். அதன் பக்கத்தில் கடையிலிருந்து அப்படியே வந்த காடா துணியை வைத்துத் தைத்தால், முதல் துவையலில் காடா இறுகும், சேலைத்துண்டு பொம்மிக்கொண்டு நிற்கும். காடா துணியில் கஞ்சிப் பசை இருக்கும். அது கரைந்ததும் 5 சதவீதத்தைத் தாண்டிச் சுருங்குவது சாதாரணம்.

தோடர் எம்பிராய்டரித் துண்டை நடுவில் பதித்துக் குயில்ட் தைக்க ஆசைப்படுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலை, இழையை எண்ணிப் போடுவது. அதனால் அடியில் உள்ள வெள்ளைப் பருத்தித் துணி முரடாகவும் நெருக்கம் குறைவாகவும் இருக்கும். பூவேலை அடர்ந்த இடம் ஒரு மாதிரியும், வெற்று இடம் வேறு மாதிரியும் சுருங்கும். அந்தத் துண்டைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் எடுத்து, விரித்துக் காயவைத்த பிறகே அளந்து வெட்டுங்கள். சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எந்தப் பஞ்சு எவ்வளவு சுருங்கும்

முழுப் பருத்தி ஷீட் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். பருத்தி 80, பாலியெஸ்டர் 20 கலந்த ஷீட் சுமார் 3 சதவீதம். முழுப் பாலியெஸ்டர் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. கேட்க நன்றாக இருந்தாலும் இதில் ஒரு பொறி உண்டு. துவைக்காத புதுப் பருத்தித் துணிக்குள் பாலியெஸ்டர் ஷீட்டை வைத்தால், துணி குறுகி இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஷீட் இடமில்லாமல் திரண்டு, தலையணை உறை பத்தாத தலையணை மாதிரி புடைத்து நிற்கும்.

கம்பளிப் பஞ்சு மலைக்கு ஏற்றது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மூடுபனி நாட்களில் அந்தக் குணத்தின் அருமை புரியும். ஆனால் கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, காரமான சோப்பு, அலசல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு பஞ்சு கெட்டித் துணியாக இறுகும். பதமாகத் துவைத்தால் 3 முதல் 5 சதவீதத்தோடு நிற்கும். முரட்டுத்தனமாகத் துவைத்தால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மன்னவனூரிலும் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மெரினோ இரத்தம் கலந்த மெல்லிய கம்பளி ஆடுகள் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட மெல்லிய கம்பளியைக் கையால் சீவிப் பஞ்சாக்கினால், மெல்லியதாக இருப்பதாலேயே சீக்கிரம் இறுகும் என்பதை மனதில் வையுங்கள். மேலும் கீழும் மல் துணி போட்டு ஓட்டிவிட்டுத்தான் குயில்ட்டுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைகள் மேல்துணி வழியே மீசை மாதிரி வெளியே வரும்.

மெத்தைக்கு அடிக்கிற உதிரிப் பஞ்சை, வடக்கே போர்த்தும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை போல நிரப்புகிறவர்களும் உண்டு. அது ஷீட் இல்லை. இழைகளை ஒன்றாகப் பிடித்து வைக்க உள்ளே எதுவும் கிடையாது. தண்ணீரில் போட்டால் சுருங்குவதைவிடக் கட்டி கட்டியாகத் திரள்வதுதான் அதிகம். இலவம்பஞ்சைத் துவைக்கவே கூடாது. அதன் இழையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை விரட்டும். வழுக்கி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அதற்கு உறை போட்டு, உறையை மட்டும் துவைத்து, பஞ்சை வெயிலில் காட்டுவதே வழி.

40 செ.மீ. சோதனை

பாக்கெட்டில் அச்சிட்ட சதவீதத்தை அப்படியே நம்பி வெட்ட வேண்டாம். உங்கள் துணி, உங்கள் பஞ்சு, உங்கள் தையல் இடைவெளி மூன்றும் சேர்ந்த ஒரு மாதிரித்துண்டு செய்யுங்கள். ஒரு மதிய நேர வேலைதான்.

முகப்புத் துணி, பஞ்சு ஷீட், அடித்துணி மூன்றிலும் 50 செ.மீ. சதுரம் வெட்டி அடுக்குங்கள். போர்வையில் எந்த இடைவெளியில் ஓட்டப் போகிறீர்களோ அதே இடைவெளியில் ஓட்டுங்கள். தையல் முடிந்த பிறகு, நடுவில் 40 செ.மீ. சதுரத்தை வேறு நிற நூலால் அடையாளம் தையுங்கள். பேனாக் கோடு துவையலில் போய்விடும். நீளவாக்கு எது என்று ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வையுங்கள். தைத்த பிறகு அடையாளம் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டுத் தையலே போர்வையைக் கொஞ்சம் உள்ளிழுக்கும். அந்தக் குறைவையும் துவையலில் வரும் குறைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிறகு போர்வையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து முழுதாகக் காயவிட்டு அளக்கவும். 40 செ.மீ. எடுத்துக்கொள்வதில் ஒரு வசதி: ஒவ்வொரு 4 மி.மீ. குறைவும் சரியாக 1 சதவீதம். 38.4 செ.மீ. வந்தால் 4 சதவீதம், 38.8 வந்தால் 3. முதல் துவையலில்தான் பெரும்பகுதி சுருங்கும், ஆனாலும் இரண்டாவது முறையும் துவைத்து அளந்தால் மீதியும் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. காய்ந்த பிறகு 150 செ.மீ. அகலம், 225 செ.மீ. நீளம் வேண்டும், நீளத்தில் 4 சதவீதம், அகலத்தில் 3 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 225-ஐ 0.96-ஆல் வகுத்தால் சுமார் 234.5. 150-ஐ 0.97-ஆல் வகுத்தால் சுமார் 154.5. இது தைத்து முடித்த போர்வை துவைப்பதற்கு முன் இருக்க வேண்டிய அளவு. ஓட்டும்போது ஏற்படும் இழுப்புக்காகப் பஞ்சு ஷீட்டையும் அடித்துணியையும் ஒவ்வொரு பக்கமும் இன்னும் 10 செ.மீ. பெரிதாக விட்டு, ஓட்டி முடித்த பிறகு ஓரம் வெட்டுங்கள்.

மாதிரித்துண்டை மேசை மேல் வைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள். சமமாகப் படுத்திருந்தால் அடுக்குகள் ஒத்துப்போகின்றன. ஓரம் கீழ்நோக்கி வளைந்தால் அடித்துணி அதிகம் சுருங்கியிருக்கிறது. ஃபிளானல் துணியை அடியில் வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஓரம் மேல்நோக்கி வளைந்தால் முகப்புத் துணி அதிகம் சுருங்கியிருக்கிறது. எதைத் தனியாக முன்கூட்டி நனைத்து எடுக்க வேண்டும் என்பதை அந்தத் துண்டே காட்டிவிடும்.

தையல் இடைவெளி செய்யும் வேலை

துணியை முன்பே துவைத்து, பஞ்சு ஷீட்டைத் துவைக்காமல் வைத்திருக்கிறீர்கள்; ஷீட் 4 சதவீதம் சுருங்குகிறது. இரண்டு தையல் கோட்டுக்கு நடுவே 5 செ.மீ. இருந்தால் அங்கே துணி 2 மி.மீ. மிஞ்சும். அது விரல் நுனியில் உரசினால் மட்டும் தெரிகிற மெல்லிய நெளிவாக மாறும். இடைவெளி 10 செ.மீ. என்றால் 4 மி.மீ. மிஞ்சும், சுருக்கம் கண்ணுக்குத் தெரியும், அழகாகவும் இருக்கும். 20 செ.மீ. என்றால் 8 மி.மீ. ஒரே இடத்தில் மிஞ்சி மடிப்பாக விழும்; படுத்தால் உறுத்தும், இஸ்திரி போட்டாலும் போகாது. ஷீட் அதேதான், சுருங்கிய சதவீதமும் அதேதான். இடைவெளி ஒன்று மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

ஒவ்வொரு ஷீட்டுக்கும் இதற்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று ஒரு எல்லை உண்டு, பாக்கெட்டில் இருக்கும். ஊசியால் குத்தி இறுக்கி, நடுவே மெல்லிய வலை சேர்த்த ஷீட்டுக்கு 20, 25 செ.மீ. வரைகூட அனுமதி இருக்கும். வலை இல்லாத மெல்லிய பருத்திக்கு 5 முதல் 10 செ.மீ.தான். எல்லையைத் தாண்டினால் துவையலில் பஞ்சு கிழிந்து நகரும். சுருங்குவது ஒரு பக்கம் இருக்க, நடுவில் வெற்றிடமும் விழும்.

முன்பே நனைக்கலாமா?

துணிகளை எப்போதும் நனைத்து எடுங்கள் என்பதே எங்கள் கருத்து. எல்லாத் துணியும் ஒரே நிலைக்கு வந்துவிடும். ஓரத்தில் சுற்றும் பட்டைத் துணியை மறக்க வேண்டாம். நனைக்காத பட்டையை நனைத்த போர்வைக்குச் சுற்றினால், பை வாயில் நாடா இழுத்த மாதிரி ஓரம் இறுகி நடுப்பகுதி அலையாக எழும்பும். இப்படி அலை எழும்பிய போர்வைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

பஞ்சு ஷீட் விஷயத்தில் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். தினமும் போர்த்திக்கொள்கிற போர்வை என்றால் 3 சதவீதச் சுருக்கத்தை உள்ளேயே விட்டுவிடுங்கள். அந்த நெளிவுதான் பழகிய போர்வையின் மென்மையைத் தருகிறது, சிறிய தையல் கோணல்களையும் மறைத்துவிடுகிறது. நேர்கோட்டு வடிவங்கள் கூர்மையாக நிற்க வேண்டும், எம்பிராய்டரி நெளியக் கூடாது என்றால் மட்டும் ஷீட்டை நனையுங்கள். அதுவும் ஊசியால் குத்தி இறுக்கிய பருத்தி ஷீட் என்றால் மட்டுமே. பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஷீட்டை மடித்து அழுத்தி 20 நிமிடம் விடுங்கள். கலக்கக் கூடாது, கசக்கக் கூடாது. அடியில் ஒரு டவலைக் கொடுத்துத் தூக்கி, மெஷினில் சுழற்சி மட்டும் ஓட்டி, விரித்துக் காயவையுங்கள். பசை போட்டு ஒட்டிய ஷீட், கம்பளி, உதிரிப் பஞ்சு இவற்றுக்கு இது ஆகாது.

துவையலும் மலை வெயிலும்

மேலே சொன்ன 150க்கு 225 போர்வை, சதுர மீட்டருக்கு 200 கிராம் பஞ்சும் சாதாரணப் பருத்தித் துணியும் என்றால், உலர்ந்த நிலையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும். தண்ணீர் குடித்தால் நாலைந்து கிலோவுக்குப் போகும். ஒரு மூலையைப் பிடித்துத் தொட்டியிலிருந்து தூக்கினால் அந்தப் பாரம் முழுக்க நாலு தையல் நூலில் விழும். அப்போதுதான் நூல் அறுகிறது. பெட்ஷீட்டை அடியில் கொடுத்து, தூளி மாதிரி இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். முறுக்கிப் பிழியவே கூடாது. மெஷினில் மெதுவான சுழற்சி கையைவிட நல்லது.

தண்ணீர் 30 டிகிரி போதும், அதாவது கை வைத்தால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஜனவரியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீர் எலும்பைத் துளைக்கும். அதனால் கெய்சர் தண்ணீரை அப்படியே திறந்துவிடும் பழக்கம் உண்டு. இரண்டையும் கலந்து ஊற்றுங்கள். கம்பளிப் பஞ்சு என்றால் அலசுகிற தண்ணீரும் துவைத்த தண்ணீரின் அதே சூட்டில் இருக்கட்டும். சோப்புத்தூள் காரமானது, கம்பளிக்கென்று வரும் திரவ சோப்போ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போதும். பருத்திப் போர்வைக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ சோப்புக்கு மேல் வேண்டாம். அலசிப் போகாத சோப்பு பஞ்சில் தங்கினால் காய்ந்த பிறகு விறைப்பாக இருக்கும்.

மலையில் துவைப்பதைவிடக் காயவைப்பதே பெரிய வேலை. நான்கு நாள் ஈரமாகக் கிடந்த பருத்தியில் பூசணம் பிடிக்கும், வாடை பிறகு போகவே போகாது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் கனமான குயில்ட்டைத் துவைக்காமல் தள்ளிப் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பகல் வெயில் நன்றாக இருக்கும். காலையில் பனி விலகியதும் விரித்து, மாலை நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஈரப் போர்வையை உறைபனியில் விட்டுவிடக் கூடாது.

ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் பாரத்தால் நீளம் இழுபடும், கொடி படுகிற இடத்தில் கோடு விழும். முழ அகல இடைவெளியில் மூன்று கொடி கட்டி அவற்றின் மேல் பரப்புங்கள். கயிற்றுக் கட்டிலில் பழைய பெட்ஷீட் விரித்து அதன் மேல் போட்டால் இன்னும் நல்லது. வேலிச்செடி, தேயிலைச்செடி மேல் துணி உலர்த்துகிற வழக்கம் குயில்ட்டுக்கு ஒத்துவராது. குச்சி தையலை இழுக்கும், தழைக் கறை ஏறும். மலை வெயில் நிறத்தைச் சீக்கிரம் வெளுக்கவைக்கும் என்பதால் முகப்புத் துணி கீழே இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, எது குறைவோ அந்தத் திசையில் மெதுவாக இழுத்துச் சமப்படுத்துங்கள். காய்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியில் போட்டுக் காயவைத்தால் சூடு படும் பக்கம் முதலில் சுருங்கும், போர்வை கோணிக்கொள்ளும். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் ஓட்டி, முக்கால் காய்ச்சலில் எடுத்து மீதியை விரித்து உலர்த்துங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால் குளிரில் ஏமாற்றும். காய்ந்த துணியும் சில்லென்றே இருக்கும். துவைப்பதற்கு முன் தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு அந்த எடைக்கு 100 கிராமுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஈரம் உள்ளே பஞ்சில் இருக்கிறது.

ஏற்கெனவே சுருங்கிய போர்வைக்கு

பருத்தி என்றால் ஓரளவு மீட்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சுழற்றி எடுத்து, மெத்தை மேல் பெட்ஷீட் விரித்து அதன் மேல் பரப்புங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தள்ளி இழுத்து, துருப்பிடிக்காத ஊசியால் 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குத்திக் காயவிடுங்கள். இழந்ததில் ஒரு பகுதி திரும்பும். அடுத்த துவையலில் மறுபடி குறையும் என்பதால், ஒவ்வொரு முறையும் இதையே செய்ய வேண்டியிருக்கும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் சுற்றிலும் ஒரு கரை சேர்ப்பதுதான். பழைய பட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஷீட்டின் ஓரத்தோடு புது ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து, கைத்தையலால் குறுக்கும் நெடுக்குமாக இணையுங்கள். புது ஷீட்டை முன்பே நனைத்திருக்க வேண்டும். பழையது சுருங்கி முடித்துவிட்டது, புதியது இன்னும் சுருங்கவில்லை. ஓரம் மட்டும் அலையாக இருந்தால் பட்டையைப் பிரித்து, போர்வையின் நடுப்பகுதியை அளந்து, அதே நீளத்துக்கு நனைத்த பட்டை வெட்டிச் சுற்றுங்கள்.

உதிரிப் பஞ்சு கட்டியாகிவிட்டால் ஒரு பக்கம் பிரித்து எடுத்து, பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து மறுபடி அடித்து நிரப்பி, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சாக இறுக்கிக் கட்டுங்கள். இறுகிப்போன கம்பளியை மட்டும் எந்தத் தண்ணீரும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் இறுகிய பஞ்சு எங்கே வெட்டினாலும் நார் நாராகப் பிரியாது. நாற்காலி அளவுக்கோ குழந்தையைப் படுக்கவைக்கும் விரிப்பு அளவுக்கோ வெட்டி, ஓரத்துக்குப் பட்டை தைத்துப் பயன்படுத்தலாம்.